காலிப் பால்புட்டி

எங்கள் பக்கத்தில் எதையும் மேடை போடாமல் திறக்க முடியாது. ஏடிஎம் வந்தால் மேடை, ஆழ்துளைக் கிணற்றுக்கு மோட்டார் வைத்தால் மேடை. மேடை என்றால் அதில் பயனாளி ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். தையல் மிஷின் கொடுக்கிற விழாவில் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெண். மூன்று சக்கர வண்டி கொடுக்கிற விழாவில் அந்த வண்டியிலேயே ஒருவர், வெயிலில், கும்பிட்டபடி. வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் நெடுஞ்சாலையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் மயக்க மருத்துவராகச் சேர்ந்திருந்த நாட்களில், கைக்குழந்தைகளுக்குத் துளை வழியாக ஆபரேஷன் செய்கிற கருவிகள் வந்து இறங்கின. வழக்கம் மாறக் கூடாதல்லவா. ஆபரேஷன் செய்யப்படப்போகிற குழந்தையையே பயனாளியாக மேடையில் உட்காரவைத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால். வெறும் வயிற்றோடு.

படித்தவர்கள் நிறைந்த கட்டடம் அது. ஒருவருக்குக்கூட இது கிறுக்குத்தனமாகத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

குழந்தைக்கு ஐந்து மாதம். பெண். இடது கிட்னியிலிருந்து சிறுநீர்க் குழாய் ஆரம்பிக்கிற இடம் சுருங்கிப்போய், சிறுநீர் இறங்க வழியில்லாமல் கிட்னி வீங்கியிருந்தது. சுருங்கிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி இணைத்துத் தைக்க வேண்டும். அன்றைக்கே செய்தாக வேண்டிய அவசரம் இல்லை. அதனால்தான் விழாவுக்குத் தோதான குழந்தை என்று பிடித்துவைத்தார்கள்.

அம்மா, ஒடுகத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். கம்பெனி வேனில் தினமும் ஆம்பூருக்குப் போய் ஷூவுக்கு அப்பர் தைக்கிறவர், அதாவது பாதத்துக்கு மேலே வருகிற தோல் பாகம். என் வயதுதான் இருக்கும். முதல் நாள் சாயங்காலம் குழந்தையைப் பார்க்கப் போனபோது, மயக்கம் கொடுக்கிற டாக்டர் நான்தான் என்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"பெருசா கீற மாட்டீங்கல்ல, டாக்டரம்மா?"

அவருக்குப் பிரசவத்தில் கீறிய இடம் சீழ் வைத்து, ஆறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம். மிஷினில் குனிந்தால் இன்னும் இழுக்கிறதாம். அந்த வலி தன் குழந்தைக்கு வேண்டாம் என்றுதான், கீறாமல் துளை போட்டுச் செய்வோம் என்று பெரிய டாக்டர் சொன்னதும் சம்மதித்திருக்கிறார். அந்த ஆஸ்பத்திரியில் அப்படிச் செய்யப்போகிற முதல் குழந்தை இதுதான் என்பதையும் அவரிடம் சொல்லியிருந்தார்கள். அதைப் பெருமைபோலச் சொல்லியிருந்தார்கள்.

மூன்று சின்னத் துளை, எல்லாம் சரியாகப் போனால், என்றேன். 'எல்லாம் சரியாகப் போனால்' என்பதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எது சரியில்லாமல் போகும் என்று கேட்டார். ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பிலிருந்து ரயிலில் வந்துபோகிற நேரமெல்லாம் நான் இந்த ஆபரேஷன்களின் வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா. சொல்லித் தீர்த்துவிட்டேன்.

குழந்தையின் வயிறு நம் உள்ளங்கை அகலம். அதற்குள் கேமராவும் கருவிகளும் நடமாட இடம் வேண்டும் என்றுதான் வாயுவை நிரப்பி வயிற்றைக் கூடாரம் மாதிரித் தூக்கி நிறுத்துகிறோம். குடலுக்குள்ளேயே காற்று நிறைந்திருந்தால் கூடாரத்துக்குள் ஏற்கெனவே பலூன் கட்டிவைத்த மாதிரி. ஒன்றும் தெரியாது, கை வைக்கவும் இடம் இருக்காது. அவசரப்பட்டுக் குடலை இடித்துத் தள்ளினால் கிழியும். ஐந்து மாதக் குடல் ஈரக் காகிதம் மாதிரி இருக்கும். கிழிந்தால் பெரிதாகத்தான் கீறவேண்டிவரும். காற்று எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் அழுகையிலிருந்து. பச்சைக் குழந்தை அழ அழக் காற்றை விழுங்குகிறது. ஆகவே நாளைக் காலை குழந்தை அழக் கூடாது. விடியும் முன்னால் வயிறாரப் பால் கொடுங்கள், அப்புறம் தூங்கவையுங்கள், முதல் கேஸ் இதுதான், பசிப்பதற்குள் எடுத்துக்கொள்வோம் என்றேன்.

நான் சொன்னபடியே அவர் செய்தார். நாங்கள்தான் செய்யவில்லை.

விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் ஆம்பூர்க்காரர். தோல் ஏற்றுமதி செய்கிறவர். கருவிகளை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் வந்து ரிப்பன் வெட்டி, நாலு வார்த்தை பேசியபிறகு, குழந்தையை மேடையிலிருந்து நேரே தியேட்டருக்குக் கொண்டுபோவது, ஆபரேஷனை ஹாலில் பெரிய திரையில் நேரடியாகக் காட்டுவது என்று ஏற்பாடு. ஹாலிலிருந்து தியேட்டரையும் தியேட்டரிலிருந்து ஹாலையும் பார்க்கலாம், பேசலாம். ஏற்பாடு செய்தவர் எங்கள் மேனேஜர். தான் போட்டோவில் விழாமல் அந்த ஆஸ்பத்திரியில் எந்த நோயும் குணமாகக் கூடாது என்ற கொள்கை உள்ளவர்.

விருந்தினர் வரவில்லை. மாதனூர் தாண்டிட்டார் என்றார் மேனேஜர். அப்புறம், பள்ளிகொண்டா டோல்கேட்ல இருக்கார் என்றார். டோல்கேட்டில் ஒரு மனிதர் அவ்வளவு நேரம் இருக்க வேண்டுமென்றால் அங்கே வேலைக்குத்தான் சேர்ந்திருக்க வேண்டும். குழந்தை விழித்துக்கொண்டுவிட்டது, பசி. நான் இறங்கிப்போய், அப்படியானால் தாய்ப்பால் கொடுத்துவிடுவோம், செரிக்க நேரம் கொடுத்து மத்தியானம் எடுத்துக்கொள்வோம் என்று சொன்னேன்.

"சார் வந்து, கொழந்தைக்கு ஜீரணமாவறதுக்கு வெயிட் பண்ணணுமா மேடம்?" என்றார்.

ஆமாம், அதுதான் நான் சொன்னது. அவருக்கு அது நகைச்சுவையாகக் கேட்டிருக்கிறது. பக்கத்திலிருந்த மாலை கட்டுகிறவரிடம் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்.

பெரிய டாக்டரிடம் போனேன். ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரரும் ஆபரேஷன் செய்யப்போகிறவரும் அவரே. புதுக் கோட்டு தைத்துப் போட்டிருந்தார். நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே கண்ணாடியில் டையைச் சரிசெய்துகொண்டு, இதையெல்லாம் படிச்சிட்டு வர்ற பசங்களுக்கு எல்லாமே பிரச்சனைதான் என்று என்னிடமே என்னைப் பற்றிப் படர்க்கையில் சொன்னார். மேலே தியேட்டருக்குப் போய் மயக்க மிஷினைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஹால் தெரிகிற திரை தியேட்டர்ச் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது.

விருந்தினர் வந்துவிட்டார். பொன்னாடை ஆரம்பித்தது. எங்கள் பக்கத்துப் பொன்னாடை வைபவத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு தொற்று. ஒருவருக்குப் போர்த்தினால் பக்கத்தில் இருப்பவருக்கும் போர்த்த வேண்டும். போர்த்தப்பட்டவர் எழுந்து போர்த்தியவருக்குப் போர்த்த வேண்டும். கருவி கம்பெனியின் விற்பனை ஆள், வீடியோக்காரரை அழைத்து வந்தவர், வீடியோக்காரர், எல்லோருக்கும் சால்வை. மேடையின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மா. மடியில் ஆபரேஷன் கவுன் மாட்டிய குழந்தை. அது அழுதது. மைக் பிடிக்கிற அளவுக்கு அழுதது. அத்தனை பேரில் அதற்கு மட்டும்தான் ஒரு சால்வையும் இல்லை.

விருந்தினர் பேச எழுந்தார். பேச ஆரம்பித்தவர் நிறுத்தி, "கொழந்த ஏன் இவ்ளோ பேஜாரா அழுவுது, பாருங்கப்பா" என்றார். நல்ல மனுஷர். அங்கே அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அதற்கு மருத்துவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை. மேனேஜர் சொன்னார், செயலில்.

விருந்தினர் கையால் அம்மாவுக்குக் கொடுப்பதற்கென்று ஒரு பரிசுப் பை வைத்திருந்தார்கள்: ஒரு துண்டு, ஒரு சோப்பு, ஆஸ்பத்திரிப் பெயர் அச்சடித்த ஒரு பால்புட்டி. மேனேஜர் பையைப் பிரித்தார். புட்டியை எடுத்தார், மூடியைக் கழற்றினார், குழந்தையின் வாயில் ரப்பரைத் திணித்து அம்மாவின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். குழந்தை சட்டென்று அடங்கி உறிஞ்ச ஆரம்பித்தது. ஹாலில் கைதட்டல்.

எனக்கு முதலில் பால் என்றுதான் தோன்றியது. மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் பால் இருந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். போன் போட்டேன். திரையில் மேனேஜர் போனை எடுப்பது தெரிந்தது.

பால் எல்லாம் இல்லை, காலி, பாஸ்டிங் பற்றி எனக்கும் தெரியும் என்றார் பெருமையாக. காலி என்றால் அதைவிட மோசம், பசித்த குழந்தை வெறும் காற்றை உறிஞ்சி விழுங்கிக்கொண்டிருக்கிறது, உடனே எடுங்கள் என்றேன்.

"காத்துதானே மேடம்," என்றார்.

படிகளில் இறங்கி ஓடினேன். தியேட்டர் உடையோடு மேடையில் ஏறிப் புட்டியைப் பிடுங்கினேன். குழந்தை வீறிட்டது. அம்மாவுக்குக் குழப்பம், கொடுத்தவர்களும் பெரியவர்கள், பிடுங்குகிறவளும் டாக்டர். விருந்தினரின் பேச்சு தடைப்பட்டது. ஹாலில் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் குழந்தையை அழவைத்தவள். குழந்தையை இப்போதே மேலே கொடுத்துவிடுங்கள் என்றேன். பெரிய டாக்டர் மேடையிலிருந்தே, சிரித்த முகம் மாறாமல், போட்டோ முடியட்டும், மேல போ, என்றார். புட்டியை அவர் காலடியில் வைத்துவிட்டு வந்தேன். அதற்குமேல் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை.

தியேட்டர் வாசலில் குழந்தையை வாங்கும்போது, அதே புட்டி அதன் வாயில் இருந்தது. நான் படியேறுவதற்குள் மறுபடி கொடுத்திருக்கிறார்கள். வயிறு முரசு மாதிரி நின்றது. தட்டினால் ஓசை வந்தது.

தியேட்டரில் என்னோடு என் சீனியர், இன்னொரு மயக்க மருத்துவர், இருந்தார். வயதானவர், மருத்துவத்தில் அவர் கடைசியாகப் படித்த புதுச் செய்தி எதுவென்று எனக்குத் தெரியாது, ஆனால் அது செய்தித்தாளில் வந்திருக்காது, கல்வெட்டில்தான் வந்திருக்கும். குழந்தை தூங்கியதும் நான் வாய் வழியாக மெல்லிய குழாயை இரைப்பைக்குள் விட்டுக் காற்றை உறிஞ்சினேன். புஸ்ஸென்று வந்தது. கொஞ்சம் அமுங்கியது. ஆனால் மீதி அடங்கவில்லை. அது இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குள் போய்விட்டிருந்தது. அங்கே என் குழாய் எட்டாது. திரும்பிப் பார்த்தால், சீனியர் நைட்ரஸைத் திறந்துவிட்டிருந்தார். பழைய ஆட்கள் சிரிப்பு வாயு என்பார்களே, அது. உடம்புக்குள் எங்கே காற்று அடைபட்டிருந்தாலும் அதற்குள் புகுந்து அதை இன்னும் உப்பவைக்கிற வாயு. குடல் வீங்கியிருக்கிறவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று முதல் வருடப் பாடத்திலேயே இருக்கிறது.

மூடினேன். "நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து போடறேன்மா," என்றார் அவர். அதை ஒரு காரணமாகவே சொன்னார். மறுபடி திறக்கக் கையை நீட்டினார்; நான் குமிழ்மேல் இருந்த என் கையை எடுக்கவில்லை. உனக்கு வாய் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு, ஸ்டூலில் போய் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் செய்த உருப்படியான காரியம் அது.

பெரிய டாக்டர் கைகழுவிவிட்டு வந்தார். வயிறு இன்னும் ஊதியிருக்கிறது, காற்று இறங்கட்டும், இல்லையென்றால் எழுப்பி இன்னொரு நாள் செய்வோம் என்றேன். ஹால்ல உக்காந்திருக்காங்க என்றார். அவர்கள் உட்கார்ந்திருப்பது குழந்தையின் குடலுக்குத் தெரியாது என்றேன். அவர் மைக்கை மாட்டிக்கொண்டு ஹாலுக்கு வணக்கம் சொன்னார்.

தொப்புளில் ஊசியைக் குத்தி ஆரம்பிக்காமல், சின்னதாய்த் திறந்து, பார்த்து உள்ளே போனார். அந்த மட்டுக்கும் நிதானம் இருந்தது. வாயுவை விட்டு, கேமராவைச் செருகினார். திரை முழுக்கக் குடல். இளஞ்சிவப்பாக, பளபளப்பாக, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, கண்ணாடியில் வந்து அப்பியது. வேறு ஒன்றுமே இல்லை. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே.

ஹாலில் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆபரேஷன் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து விருந்தினரின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"டாக்டர், இதுல கிட்னி எது?"

பெரிய டாக்டருக்கு மாஸ்க்குக்கு மேலே காது சிவந்தது. வாயுவின் அழுத்தத்தை ஏத்து என்று நர்ஸிடம் சொன்னார். ஏற்றினார்கள். பெரியவர்கள் வயிறு அதைத் தாங்கும். ஐந்து மாத வயிற்றில் அழுத்தம் ஏறினால் நெஞ்சுதான் நசுங்கும்; மூச்சுக் கொடுக்க என் கையில் அமுக்கிக்கொண்டிருந்த பை இறுகியது, மூச்சு உள்ளே போகச் சண்டை போட்டது. மானிட்டரின் ஓசை ஒவ்வொரு துடிப்புக்கும் தாழ்ந்துகொண்டே வந்தது. ஆக்சிஜன் குறைந்தால் அந்த ஓசை அப்படி இறங்கும். 

"அழுத்தத்த இறக்குங்க சார்," என்றேன்.

இன்னும் கொஞ்சம் என்றார். ஒரு கையில் பிடிக்கிற கருவியை நுழைத்து, உப்பிய பெருங்குடலை ஓரமாகத் தள்ளப் பார்த்தார். அது நழுவி நழுவித் திரும்பி வந்தது. ஒருமுறை பிடித்தார். பிடித்த இடம் வெளுத்தது. திரையில், ஒரு சுவர் அளவுக்குப் பெரிதாக, அந்த வெளுத்த இடத்தை எல்லோரும் பார்த்தோம். அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் மூன்று நாலு பேர்தான்.

அவரிடம் குழந்தையைப் பற்றிச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்பது எனக்கு அந்தக் கணத்தில் உறைத்தது. குழந்தையைப் பற்றிக் காலையிலிருந்து சொல்லிக்கொண்டுதானே இருந்தேன். அவர் வாயருகே மாட்டியிருந்த மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, அவர் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னேன்: "சார், இது கிழிஞ்சா இங்க மட்டும் தெரியாது. அந்த ஹால் மொத்தமும் பாக்கும்."

கருவி நின்றது. ஒரு உயிரின் பெயரைச் சொல்லி நிறுத்த முடியாத கையை ஒரு திரையின் பெயரைச் சொல்லி நிறுத்தினேன். இதில் எனக்கு வெற்றி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. 

வாயுவை வெளியே விட்டார்கள். வயிறு தளர்ந்தது, மானிட்டர் ஓசை மேலே ஏறி வந்தது. கேமராவை உருவினார்கள். நான் துணிக்கு அடியில் போய், மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை எண்ணெய் தடவி ஆசனவாய் வழியாக உள்ளே செலுத்தினேன். காற்று வருகிறதா என்று தெரியவேண்டுமே. குழாயின் இந்த முனையை ஒரு ஸ்டீல் கிண்ணத்துத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தேன். நர்ஸ் துணிமேல் உள்ளங்கையை வைத்து, அடிவயிற்றை இடப்பக்கமாக மெதுவாகத் தடவிக் கொடுத்தார். பிறகு காத்திருந்தோம். தங்க மெடல் வாங்கிய சர்ஜன், வெளிநாட்டுக் கேமரா, கருவி கம்பெனி ஆள், கல்வெட்டுச் சீனியர், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கைக்குழந்தை குசு விடுவதற்காகக் காத்திருந்தோம். காலையில் அதன் அம்மாவைத் தோளில் போட்டுத் தட்ட விட்டிருந்தால் முடிந்திருக்கும் வேலை.

திரை இருட்டாக இருக்கக் கூடாது என்று யாரோ வீடியோக்காரரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் கூரையிலிருந்த இன்னொரு கேமராவைத் திருப்பி என் கையில் நிறுத்தினார். ஹாலில் இப்போது பெரிதாகத் தெரிந்தது ஒரு கிண்ணத்துத் தண்ணீர். என்ன நடக்கிறது என்று விருந்தினர் கேட்டார். பெரிய டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இது நவீன முறையில் ஒரு முக்கியமான கட்டம் என்றார்.

தண்ணீரில் ஒரு குமிழி வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. நர்ஸ் கையை மெல்ல இறக்கினார். இன்னொன்று. பிறகு கொத்தாக, கொதிக்கிற மாதிரி, கிண்ணம் முழுக்க.

ஹால் கைதட்டியது.

எழுந்து நின்று தட்டினார்கள் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். புரியாததற்கெல்லாம் கைதட்டிப் பழகிய ஊர். தாங்கள் எதற்குத் தட்டினார்கள் என்று அவர்களில் ஒருவருக்கும் இந்த நிமிடம்வரை தெரியாது.

வயிறு என் கைக்கு அடியில் இளகியதை உணர்ந்தேன். நைட்ரஸும் இல்லாததால் மேலே ஊதவில்லை. குழந்தையை வலப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தோம், இருக்கிற குடல் தன்னால் கீழே சரியட்டும் என்று. மறுபடி கேமரா உள்ளே போனது, இந்த முறை கம்மி அழுத்தத்தில். பெருங்குடல் துவைத்துப் போட்ட துணி மாதிரி சுருங்கி ஒதுங்கிக் கிடந்தது. அதற்குப் பின்னால் நீலம் பாய்ந்து புடைத்திருந்தது கிட்னி. பெரிய டாக்டர் அதற்குமேல் நன்றாகவே செய்தார். அதை நான் மறுக்க மாட்டேன். நூல் போட்டால் கண்ணுக்குத் தெரியாமல் போடுவார். அப்படிப்பட்ட கை அப்படிப்பட்ட தலையோடு ஒட்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆத்திரம். அவர் தைத்து முடித்தபோது ஹாலில் ஒருவரும் இல்லை. பிரியாணி வந்துவிட்டிருந்தது. சுவர்த் திரையில் காலி நாற்காலிகளும் கீழே விழுந்து கிடந்த ஒரு சால்வையும் தெரிந்தன.

மூன்று சின்னத் துளை. மூன்று சின்ன பிளாஸ்திரி. வெளியே வந்து அம்மாவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் நான் எதிர்பார்த்த சந்தோஷம் முகத்தில் இல்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் காலை வார்டுக்குப் போனால் குழந்தை கத்திக்கொண்டிருக்கிறது. பால் கொடுக்கலாம் என்று சொல்லியாகிவிட்டது, அம்மா கொடுக்கவில்லை. மார்பு கட்டிப்போய், புடவை நனைந்து, குழந்தையை எட்ட வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் அந்தப் புட்டி. பவுடர் பால் எங்கே வாங்கலாம் என்று என்னைக் கேட்டார். நேற்று மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவும் இல்லையாம்.

ஏன் என்று கேட்டேன். அவர் சொல்லத் தயங்கினார். பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். நேற்று மத்தியானமே மேனேஜர் வார்டுக்கு வந்திருக்கிறார். குழந்தை வயிற்றில் காற்று ஜாஸ்தியாகி ஆபரேஷனே நின்றுபோகப் பார்த்தது, பெரிய டாக்டர் தெய்வம் மாதிரி இருந்து காப்பாற்றினார், நீ கண்டதைத் தின்னுட்டுப் பால் கொடுத்ததால்தான் இந்தக் காற்று, இனி வாயைக் கட்டு, என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டாராம் அந்த அம்மா. அதைக் கேட்டு வாங்கித் தெரிந்துகொண்டு போயிருக்கிறார் மேனேஜர். பெரிய டாக்டரும் விருந்தில் அதையே சொன்னாராம்: தாய்மார்களுக்கு விழிப்புணர்வு இல்லை.

நான் எத்தனையோ கேவலங்களைப் பார்த்திருக்கிறேன். சோம்பேறித்தனத்தைப் பார்த்திருக்கிறேன், பயத்தில் சொல்கிற பொய்யைப் பார்த்திருக்கிறேன். இது வேறு. சௌகரியமாக உட்கார்ந்து, பிரியாணி சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு யோசித்துச் செய்த கேவலம்.

கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பிட்ட சுண்டல் அவர் வயிற்றில்தான் காற்றாகும், பாலில் காற்றுப் போகாது என்றேன். மேடையில் அழுத அழுகை, வாயில் திணித்த காலிப் புட்டி, அது விழுங்கிய காற்று, போனில் நான் கேட்டது, அதற்கு மேனேஜர் 'காத்துதானே' என்றது, குடல் வெளுத்தது, கிண்ணத்தில் குமிழி. ஒன்றையும் விடவில்லை. மேலிடத்துக்குத் தெரிந்தால் என் வேலை போகும் என்பதும் ஞாபகத்தில் இருந்தது. போனால் போகட்டும், வேறு ஆஸ்பத்திரியா இல்லை.

அவர் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மனிதர்கள் கையால் கொடுத்தது என்று இரவெல்லாம் துண்டில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தாராம்.

"எங்க கம்பெனிலயும் இதே கததான், டாக்டரம்மா," என்றார். "தோலு ஓட்டையா வந்திருக்கும். வெட்றவன் பாக்காம வெட்டி அனுப்புவான். சூப்பர்வைசர் பாக்காம ஓகே போடுவான். கடேசில தெச்சவ யாருன்னு கேப்பாங்க."

பிறகு குழந்தையை எடுத்தார். பிளாஸ்திரிகள்மேல் படாமல், ஒருக்களித்து மடியில் போட்டு, மார்பில் சேர்த்தார். அது முட்டிக்கொண்டு உறிஞ்சியது. முதல் சில நிமிடம் அவர் குழந்தையின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சொன்னதை அவர் முழுதாக நம்பவில்லை. அங்கே சொல்லப்பட்ட எதை அவர் நம்ப வேண்டும்? வயிறு மெத்தென்றே இருந்தது. கை தளர்ந்தது.

பால் குடித்து முடித்துத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது மேனேஜர் போட்டோக்காரரோடு வந்து சேர்ந்தார். பத்திரிகைக்கு இன்னொரு படம் வேண்டுமாம். குழந்தை, அம்மா, அச்சடித்த பெயர் தெரிகிற மாதிரி பால்புட்டி. கொஞ்சம் சிரிம்மா என்றார். புட்டிய நல்லா மேல தூக்கிப் பிடி என்றார்.

அம்மா புட்டியை எடுத்தார். தூக்கிப் பிடிக்கவில்லை. மேனேஜரின் கையைப் பிடித்து, முதல் நாள் அவர் இவர் கையைப் பிடித்த அதே மாதிரி, விரல்களை மடக்கி அதில் வைத்தார்.

"நீங்களே வெச்சிக்கோங்க சார். காத்துதானே."

குழந்தை அவர் தோளில் ஏப்பம் விட்டது. மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். போட்டோக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கையில் பால்புட்டியோடு நிற்கிற மேனேஜரை ஒரு படம் எடுத்துக்கொண்டார்.